ஏற்றவும் இறக்கவும் ஒரு பூசணிக்காய்

அன்றைக்கு மாதுங்காவில் எங்கள் பாத்திரக் கடை வாசலில் இருந்தவர்களை ஒருவர் விடாமல் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு யாராவது வந்து, நானும் அங்கே இருந்தேன் என்று சொல்லிவிடக் கூடாது. முனிசிபாலிட்டி ஆபீசர் ஒருவர். ஒரு போலீஸ் ஹவல்தார். கல்யாணப் பாத்திரங்களை வாடகைக்கு விடும் எங்கள் முதலாளி. எதிர்க் கட்டிடத்து இரண்டாம் மாடியில் குடியிருந்த பியட் கார் மாமா. கடையில் பில் எழுதும் நான். கைவண்டிக்காரர் பூசணி அண்ணாச்சி. ஏழாவதாக, அவர் வண்டி மேல் ஒரு சாம்பல் பூசணிக்காய்.

அறுபதுகளின் பம்பாயில் முனிசிபாலிட்டி போர்டு ஒன்றை எழுத்துக்கு எழுத்து மதித்து வாழ்ந்தவர் பூசணி அண்ணாச்சி ஒருவர்தான். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

எங்கள் கடை வாசல் கம்பத்தில் இருந்த அந்தப் போர்டைப் படித்துச் சொன்னவன் நான். எட்டாம் வகுப்பு வாசலை மிதிக்காத என் இங்கிலீஷை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, "இந்த இடத்துல வண்டியில சாமான் ஏத்தலாம், எறக்கலாம். சும்மா நிக்கக் கூடாது, அண்ணாச்சி" என்றேன். சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. தப்பாகப் படித்திருந்தால் கேஸ் அவர் மேலா, என் மேலா?

அண்ணாச்சிக்கு அந்தக் கவலை இல்லை. போர்டை அண்ணாந்து பார்த்து, "அப்போ ஏத்திக்கிட்டும் எறக்கிக்கிட்டும் இருந்தா நாள் பூரா நிக்கலாம்லா?" என்றார்.

மறுநாள் தாராவியிலிருந்து அவர் வண்டியில் பூசணிக்காய் வந்தது.

லோடு இல்லாத நேரத்தில் ஹவல்தாரைக் கண்டால் மற்ற வண்டிக்காரர்கள் வண்டியை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். அண்ணாச்சி ஓட மாட்டார். ஹவல்தார் கிட்டே வந்ததும் பூசணிக்காயைத் தூக்கி வண்டியில் வைப்பார்.

"க்யா சல் ரஹா ஹை?" என்ன நடக்கிறது என்று கேட்பார் ஹவல்தார்.

"லோடிங், சாப்."

ஹவல்தார் தெருக்கோடி வரை போய்த் திரும்பி வரும்போது காய் பிளாட்பாரத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கும்.

"அப் க்யா?" இப்போது என்ன என்பார்.

"அன்லோடிங், சாப்."

ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஏறி இறங்கியதை நானே எண்ணியிருக்கிறேன். இரண்டே மாதத்தில் காயின் மேலிருந்த சாம்பல் முழுவதும் அண்ணாச்சி சட்டைக்கு வந்துவிட்டது. காய் மொட்டைத் தலை மாதிரி பளபளத்தது.

ஒரு முகூர்த்தத்தன்று மாப்பிள்ளை வந்த டாக்சி அந்த இடத்தில் நின்றது. ஆள் இறங்குவது அன்லோடிங் ஆகாது என்று ஹவல்தார் மறித்தார். மாப்பிள்ளைக்கு ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. அண்ணாச்சிதான் நடுவில் புகுந்து தீர்ப்புச் சொன்னார்: "பெட்டியோட வந்தா லோடு. பெட்டி இல்லாம வந்தா சவாரி. மாப்ளே, பெட்டி இருக்கா?" மாப்பிள்ளை மடியிலிருந்த டிரங்குப் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். ஹவல்தார் வழிவிட்டார். அன்று முதல் அந்தத் தெருவுக்கு அதுவே சட்டம்.

இப்படி இருக்கையில், வருஷக்கணக்காகப் பதிந்துவைத்துக் காத்திருந்த மாமாவுக்கு பியட் கார் வந்தது. கார் வந்துவிட்டது, நிறுத்த இடம் இல்லை. மாமா மனுப் போட்டார்: அந்த இடத்தில் யாரும் எதையும் ஏற்றுவதில்லை, போர்டை எடுத்துவிட்டுக் கார்களுக்கு விட வேண்டும். ஆபீசர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. இடம் சும்மா கிடந்தால் போர்டு போய்விடும்.

போர்டு போனால் வண்டி கடை வாசலுக்கு வராது. முதலாளி முன்னாலேயே சொல்லிவிட்டார்: "செம்பூருக்குப் போயிடுவேன். அங்க சின்னக் கடைதான். பில்லை நானே எழுதிண்டுடுவேன்." எனக்கு அப்போது கல்யாணமாகி மூன்று மாதம். வீட்டில் சொல்லவில்லை. சோறு மட்டும் இறங்கவில்லை.

ஆபீசர் வந்தது ஆடி மாதம். ஆடியில் ஏது கல்யாணம்? அண்டாவும் குண்டாவும் கடைக்குள் கவிழ்ந்து தூங்கின. மாமா மாதம் பார்த்துத்தான் மனுப் போட்டிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மழை. ஆபீசர் குடையும் கைக்கடிகாரமுமாக எங்கள் கடை நாற்காலியில் உட்கார்ந்தார். பூசணிக்காய் ஏறியது, இறங்கியது. மூன்றாவது தடவையில் ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அதே காய்தானே?" என்று கேட்டார். மொட்டைத் தலை காட்டிக்கொடுத்துவிட்டது.

"ஒரு பூசணிக்காய்க்கு இருபது அடி ரோடு கேக்கறதா சார்?" என்றார் மாமா.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "தம்பி, உள்ள இருக்க அம்புட்டு ஏனத்தையும் ஏத்துவோம்."

"கல்யாணம் எதுவும் இல்லையே, அண்ணாச்சி."

"போர்டுல கல்யாணம்னு எழுதியிருக்கா?"

நான் மறுபடி எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். எழுதியிருக்கவில்லை.

எட்டு அண்டா, ஆறு தவலை, ஆளுயரக் கரண்டிகள். எல்லாம் ஏறின. அண்ணாச்சி மழையில் வண்டியை இழுத்துக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தார். இறக்கினார். மறுபடி ஏற்றினார், சுற்றினார், இறக்கினார். "ஐயோ, ஒடுங்கிடப் போறது" என்று முதலாளி ஒவ்வொரு அண்டாவையும் பிள்ளை மாதிரி கையில் வாங்கி வைத்தார். ஆபீசரின் நோட்டுப் புத்தகம் நிரம்பிக்கொண்டே போனது.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "சார், அதே அண்டா. போன அண்டாவேதான் திரும்பி வர்றது. நான் பாத்துண்டே இருக்கேன்."

"ஐயா, போனது வெறும் அண்டா. வந்தது தண்ணி அண்டா" என்றார் அண்ணாச்சி. ஆபீசர் எழுந்து போய் எட்டிப் பார்த்தார். நாலு விரல்கடை மழைத் தண்ணீர் இருந்தது. லோடு வேறுதான் என்று எழுதிக்கொண்டார்.

நாலாவது சுற்றுக்கு வண்டி தெரு திரும்பியதும் மாமா விடுவிடுவென்று போய்க் காரை எடுத்துவந்து அந்த இடத்தில் நிறுத்தினார். "பாருங்கோ சார், எவ்வளவு காலியா கெடக்கு."

ஹவல்தார் மெதுவாக அபராதப் புத்தகத்தை எடுத்தார். போர்டு இன்னும் கம்பத்தில்தானே இருக்கிறது. கார் சும்மா நிற்கிறது. மேலதிகாரி பக்கத்தில். அவர்தான் என்ன செய்வார்? எதிர்க் கட்டிடத்தில் மூன்று மாடி பால்கனிகளிலும் தலைகள்.

அண்ணாச்சி வண்டியோடு திரும்பி வந்தார். காரைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். இப்போது சிரிக்கப்போகிறார் என்று நான் ஆசையாகக் காத்திருந்தேன். அவரோ பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு காரின் பின்பக்கம் போனார்.

"ஐயா, டிக்கியத் தெறங்க."

மாமா திறந்தார். காய் உள்ளே போனது. அண்ணாச்சி ஹவல்தார் பக்கம் திரும்பி விறைப்பாக நின்றார்.

"லோடிங், சாப்."

ஆபீசர் சிரித்த சிரிப்பில் குடை கீழே விழுந்தது. இந்த இடத்துக்கு ஓயாத உபயோகம் இருக்கிறது, போர்டுக்குப் புதுப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாமா டிக்கியில் இருந்த காயோடேயே காரை எடுத்தார். அன்றிலிருந்து பக்கத்துச் சந்தில்தான் நிறுத்தினார். மறுநாள் மத்தியானம் அந்தக் கட்டிடம் முழுக்க மோர்க்குழம்பு வாசனை.

"அவரைப் போய் ஏன் காப்பாத்துனீங்க, அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"போர்டுல கைவண்டின்னு மட்டுமா எழுதியிருக்கு? நீதானல படிச்சுச் சொன்ன."

அண்ணாச்சிதான் பாவம். மறுநாள் காலையில் வெறும் வண்டி பக்கத்தில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். டீ கிளாசை ஏற்றி ஏற்றி இறக்கினார். கடைசியில் கவுண்டருக்கு வந்து, "தம்பி, ஒண்ணேகால் ரூவா இருக்கா? சனிக்கிழமை தாரேன்" என்றார். புதுக் காய் வந்தது, உடம்பு முழுக்கச் சாம்பலோடு.

அதன் பிறகு சனிக்கிழமை தவறாமல் வருவார். சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு, "பாக்கி இருக்கு தம்பி, மறக்கல" என்பார். "இருக்கட்டும் அண்ணாச்சி" என்பேன். கால் மணி நேரம் பேசிவிட்டுப் போவார். எதற்கெடுத்தாலும் கவலைப்படும் எனக்கு அதில் இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான்: எந்தச் சனிக்கிழமையாவது நிஜமாகவே எடுத்துக் கொடுத்துவிடுவாரோ என்று. நல்லவேளை, கொடுக்கவில்லை. இன்றுவரை பாக்கி, ஒன்றேகால் ரூபாய்.