பெண் பார்க்கும் முன் செய்த வெல்டிங்

என் டிப்ளமோ மெக்கானிக்கல் மார்க் ஷீட்டில் வொர்க்‌ஷாப் பாடத்துக்கு எண்பத்தெட்டு என்று போட்டிருக்கிறது. தயவுசெய்து அதை நம்பாதீர்கள். வெல்டிங் ஷாப்பில் பையன்கள் பற்றவைப்பார்கள், நான் அவர்களுக்கெல்லாம் ரெக்கார்டு நோட்டு எழுதிக் கொடுப்பேன். எண்பத்தெட்டும் என் கையெழுத்துக்கு விழுந்த மார்க்.

இது தெரியாமல் 2009-இல் எங்கள் கடலூர் வீட்டில் என்னை ஒரு இன்ஜினியராகவே நினைத்திருந்தார்கள். (நானும்தான்.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமை மதியம் பார்த்தால், வாசல் கேட்டின் கீழ்க் கீல் விட்டுப்போய் கேட் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. அப்பா வெல்டருக்குப் போன் போடப் போனார்.

"எதுக்குப்பா வெல்டரு? அண்ணன் மிஷின் இருக்குல்ல, நானே போட்டுடுறேன்."

அண்ணன் என்றால் பெரியம்மா பையன் முரளி. துபாயிலிருந்து வரும்போது ஒரு சின்ன வெல்டிங் மிஷின் கொண்டுவந்து எங்கள் வீட்டில் போட்டிருந்தான். கேஸ் சிலிண்டர் வேண்டாம். கம்பிக்கு உள்ளேயே மருந்துப்பொடி இருக்கும், அது எரிந்து புகையாகி வெல்டிங்கைக் காப்பாற்றும். இதற்கு ஃப்ளக்ஸ் கோர் என்று பெயர். முகத்துக்குப் பிடிக்கும் ஷீல்டை மட்டும் லக்கேஜ் வெயிட் ஜாஸ்தி என்று அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

அதனால் என்ன? என்னிடம் தேர்த் திருவிழாவில் வாங்கிய கூலிங் கிளாஸ் இருந்தது.

இந்தக் கம்பிக்கு மிஷினில் பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுக்க வேண்டும். நான் மாற்றவில்லை. பெயிண்டையும் துருவையும் சுரண்டிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். சுரண்டவில்லை. கம்பி வெளிவரும் டார்ச்சைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டே வர வேண்டும். நான் தோசை திருப்புகிற மாதிரி முன்னால் தள்ளினேன். நெருப்புப்பொறி புஸ்வாணமாய்த் தெறித்தது. அம்மா பயந்து துணிக்கொடியோடு துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். வெளிச்சத்தில் கம்பி நுனி தெரியவில்லை என்று நடுநடுவே கூலிங் கிளாஸையும் கழற்றிவிட்டுப் பார்த்தேன்.

ஒரு மணி நேரத்தில் கேட் நிமிர்ந்து நின்றது. என்ன, அதற்குப் பிறகு அது ஒரு ஜாணுக்கு மேல் திறக்கவில்லை. கீலின் இரண்டு பாதியையும் சேர்த்துப் பற்றவைத்திருந்தேன்.

"ஸ்ட்ராங்கா இருக்குதுல்ல?" என்றேன். அப்பா கேட்டை ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் விடியும்போது இரண்டு கண்ணிலும் யாரோ மணலைக் கொட்டித் தேய்த்த மாதிரி இருந்தது. திறந்தால் எரிகிறது, மூடினால் குத்துகிறது, எப்படி இருந்தாலும் தண்ணீர் கொட்டுகிறது. அம்மா விளக்கெண்ணெய் விட்டாள். இன்னும் கொட்டியது.

பத்து மணிக்கு அவர்கள் வந்துவிட்டார்கள். கேட் இடுக்கில் ஒவ்வொருவராகப் பக்கவாட்டில் நுழைந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா ஒருவர் மட்டும் நுழைய முடியாமல், பக்கத்து வீட்டு மதில்மேல் ஏறி இறங்கி வந்தார். நான் காபித் தட்டோடு போய் நின்றேன். தாரை தாரையாகக் கண்ணீர். மாப்பிள்ளை எழுந்து, "நாங்க கெளம்புறோங்க, அவுங்களத் தொந்தரவு பண்ண வேணாம்" என்றது காதில் விழுந்தது.

அப்போது அவருடைய அம்மா என் கையைப் பிடித்து உள் ரூமுக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

"பயப்படாம சொல்லும்மா. உனக்கு இஷ்டமில்லியா? யாராச்சும் கட்டாயப்படுத்துறாங்களா? எங்களுக்குத்தான் புடிக்கலன்னு நானே சொல்லிடுறேன். உம்மேல பழி வராது."

எனக்கு இஷ்டமா என்று அதுவரை எங்கள் வீட்டில் யாருமே கேட்டதில்லை. இப்போது நிஜமாகவே அழுகை வந்தது. வெல்டிங் கண்ணீரும் சொந்தக் கண்ணீரும் சேர்ந்து வழிய, நடந்ததையெல்லாம் சொன்னேன். கடைசியில், "இஷ்டமா இல்லியான்னு சொல்லணும்னா, முதல்ல உங்க பையன் எனக்குக் கண்ணுல தெரியணும்" என்றேன்.

அந்தம்மா சிரித்த சிரிப்பில் கூடத்தில் இருந்தவர்கள் கதவைத் தட்டினார்கள். அவர் வெளியே போய், "பொண்ணு பாக்குறது இன்னிக்கி இல்ல. ஆட்டோ கூப்புடுங்க" என்றார். என் கண்ணில் ஈரத்துணியைக் கட்டி, டாக்டர் வீடு வரைக்கும் கையை விடாமல் கூட்டிப்போனார். டாக்டர் சொட்டு மருந்து கொடுத்து இருட்டு அறையில் படுக்கச் சொன்னார். இரண்டு நாளில் சரியாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு திரும்பவும் வந்தார்கள். அதற்குள் அப்பா வெல்டரைக் கூப்பிட்டுக் கேட்டை அறுத்துச் சரிசெய்திருந்தார். அவர்கள் கொண்டுவந்த தட்டில் பூ, பழம், வெற்றிலை, நடுவில் புத்தம்புது வெல்டிங் ஷீல்டு ஒன்று. "அம்மாதான் வாங்கச் சொன்னாங்க" என்று கூச்சத்தோடு சொன்னவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். இஷ்டம்தான் என்று நானே சொன்னேன்.

சிதம்பரத்து வீட்டில் இன்றைக்கும் நான் வெங்காயம் நறுக்கினாலும் சரி, சளி பிடித்தாலும் சரி, அத்தை கேட்பது ஒன்றுதான்: "அழுகையா, வெல்டிங்கா?" வந்த விருந்தாளி எல்லோருக்கும் கதை தெரியும். பிள்ளைகளும் கேட்கப் பழகிவிட்டார்கள்.

அப்பா காலமான வருஷத்தில் ஒருநாள் அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தேன். பின்னாலிருந்து மெதுவாக அதே கேள்வி வந்தது.

"அழுகைதான் அத்தை" என்றேன்.

அவர் அடுப்பை அணைத்துவிட்டு, என்னை உட்காரவைத்து, என் பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டார்.