அம்மாவுக்குக் கோதுமை இல்லை

ஒரு மொழியை எத்தனை விதமாகத் தப்பாகப் பேச முடியுமோ அத்தனை விதமாகவும் பேசி, கேட்டவர்கள் எல்லோரிடமும் திட்டு வாங்கி, மறுநாள் காலையில் அதே மொழியில் அதே ஆட்களிடம் குசலம் விசாரித்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பெயர் கல்கத்தா.

அது நாங்கள் வைத்த பெயர். கல்கத்தா நகரத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ரயிலில் அவர் போன அதிகபட்ச தூரம் அரக்கோணம். அதுவும் மச்சினன் கல்யாணத்துக்கு.

வேலூரில் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் தெருக்களில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மருந்துக்கடை போர்டு பெங்காலியில் இருக்கும். ஓட்டலில் மீன் குழம்பு கடுகெண்ணெயில் கொதிக்கும். மேற்கு வங்காளத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் மாதக்கணக்கில் தங்கும் லாட்ஜ்கள் அங்கே வரிசையாக உண்டு. அதில் ஒன்றில் நான் ரிசப்ஷனில் இருந்தேன். கல்கத்தா அங்கே எலெக்ட்ரீஷியன். பிளம்பரும் அவரே. அதற்கு முன்னால் ஆம்பூரில் ஒரு தோல் டேனரியில் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்தவர்.

"ஃபேன் சுத்தலன்னு ஒர்த்தர் சொல்றார், எனக்கு புரியல. நான் போயி குழாய ரிப்பேர் பண்ணிட்டு வர்றேன். இது இன்னா பொழப்பு தம்பி? கத்துக்கினே ஆவணும்" என்று ஒரு நாள் சபதம் செய்தார். மருந்து கம்பெனி இலவசமாகக் கொடுத்த டைரி ஒன்று கிடைத்தது. ஆரம்பித்துவிட்டார்.

அவருடைய முதல் வாத்தியார் ஆறாம் நம்பர் ரூமில் இருந்த நாலு வயதுப் பெண்குழந்தை. அதன் அம்மா அதைக் கொஞ்சுவதையும் மிரட்டுவதையும் வராந்தாவில் ஒயர் இழுத்தபடியே கேட்டு, ஒன்று விடாமல் மனப்பாடம் செய்தார். அடுத்த வாரம் நாலாம் நம்பர் ரூமுக்கு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் வந்தார். பஞ்சகச்சம், தங்க பிரேம் கண்ணாடி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கல்கத்தா அவரிடம் போய் மரியாதையாகக் கைகட்டி நின்று, "துயி பாத் கா!" என்றார்.

'டேய், சோறு தின்னு' என்று அர்த்தம்.

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு, உடைந்த இங்கிலீஷில் என் மூலமாகப் பாடம் நடத்தினார். பெங்காலியில் மூன்று 'நீ' உண்டு. பெரியவர்களுக்கு ஒன்று, சமமானவர்களுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று.

"நமக்கு நீ, நீங்க ரெண்டே போதும்பா. இவுங்களுக்கு எதுக்கு ஒண்ணு ஜாஸ்தி?" என்று அலுத்துக்கொண்டே கல்கத்தா டைரியில் எழுதிக்கொண்டார்.

டைரியிலும் பேஜார்தான். தமிழில் 'க' ஒன்று, அவர்களுக்கு நாலு. 'நல்லா இருக்கீங்களா' என்பதை 'பாலோ ஆச்சேன்' என்று எழுதி வைத்து, அப்படியே படிப்பார். அவர் ஒவ்வொரு ரூம் வாசலிலும் நின்று அப்படிக் கேட்பதைப் பார்த்து, கேன்டீன்காரர் என்னிடம் வந்து சண்டை போட்டார். "பால் ஆச்சா பால் ஆச்சான்னு இவர் யாரு கேக்கறதுக்கு? பால் என் டிபார்ட்மெண்ட்!"

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஒன்பதாம் நம்பர் ரூம்காரர் ஒரு நாள் 'கான், கான்' என்று முனகினார். வலி என்பது முகத்திலேயே தெரிந்தது. கல்கத்தா அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்க் கண் டாக்டர் முன்னால் உட்காரவைத்தார். டாக்டர் ஆசாமியின் இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு, அரைமணி நேரம் மூடிவைத்த பிறகுதான் வலி காதில் என்று தெரிந்தது.

லாட்ஜ் முதலாளி பாய் தலையில் அடித்துக்கொண்டார். "யோவ், எங்க வூட்டு உருதுலயும் கான்னா காதுதான்யா! என்னெ ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

"உங்க காது வேற, அவுங்க காது வேறன்னு நெனச்சேன் பாய்."

இந்தச் சமயத்தில்தான் நான் ஒரு பாவம் செய்தேன். போனில் மொழிபெயர்ப்பு ஆப் ஒன்றை இறக்கி, "இனிமே நீங்க கஷ்டப்பட வேணாம்ணா" என்று காட்டினேன். கல்கத்தா என்னைப் பார்த்த பார்வை, இரண்டாம் தாரத்தை வீட்டுக்கு அழைத்து வந்தவனை மூத்தவள் பார்க்கும் பார்வை. அன்றிலிருந்து போட்டி. யாராவது வாயைத் திறந்தால் போன் சொல்வதற்குள் இவர் சொல்வார். தப்பாகச் சொன்னாலும் முதலில் சொல்லிவிடுவார்.

பதினொன்றாம் நம்பர் ரூமுக்கு ரெஹானா என்ற பெண் வந்தாள். பங்களாதேஷில் சிட்டகாங் பக்கம். அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்து, மறு செக்கப்புக்காகக் காத்திருந்தார்கள். அவள் பேசுவது கல்கத்தாவுக்கு ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. வெளியில் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் காலையில் அவள் படியில் தடதடவென்று ஓடி வந்தாள். "மா கொம் நாய்! மா கொம் நாய்!"

"ஐயோ, ரூமுல நாய் பூந்துடுச்சு" என்று நான் கம்பைத் தேடினேன்.

"உக்காரு தம்பி. நாய்னா 'இல்ல'ன்னு அர்த்தம். கொம்னா கோதுமை. அம்மாவுக்குக் கோதுமை இல்லியாம், பாவம். ரொட்டி சுடணும்போல." கல்கத்தாவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். முதல் தடவையாக அந்தப் பெண் பேசியது அவருக்குப் புரிந்துவிட்டது.

சந்தேகத்துக்குப் போனையும் நீட்டினேன். போன் சொன்னது: 'அம்மா கோதுமை இல்லை.'

"பாத்தியா? இன்னிக்கு உன் போனே என் கட்சி!"

கடைக்கு ஓடி இரண்டு கிலோ கோதுமை மாவு வாங்கி வந்தார். நானும் கூடவே மாடிக்குப் போனேன். மாவுப் பொட்டலத்தைப் பார்த்ததும் ரெஹானா சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள். பிறகு கல்கத்தாவின் கையைப் பிடித்து இழுத்துக் கொண்டுபோய் அம்மாவின் நெற்றியில் வைத்தாள். நெருப்பாகக் கொதித்தது. அந்த அம்மாவுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது.

பொட்டலம் கீழே விழுந்து மூலை கிழிந்தது. கல்கத்தா அந்த அம்மாவை அப்படியே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, சட்டையெல்லாம் மாவோடு இறங்கி ஓடினார். ஆபரேஷன் செய்த இடத்தில் சீழ் வைத்திருந்தது. உடனே அட்மிட் செய்தார்கள். சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார்.

ஆனால் கல்கத்தா சரியாகவில்லை. "அர மணி நேரம் தம்பி. மாவு வாங்கிக்கினு இருந்தேன், அர மணி நேரம்" என்றார். டைரியை என் மேஜையில் வைத்து, "இத்த பழைய பேப்பர்ல போட்டுடு" என்று போய்விட்டார். அதன் பிறகு பெங்காலிக்காரர்களிடம் சுத்தத் தமிழ்தான். ஃபேன் ஓடவில்லை என்று வந்தவர்களிடம், "புரியல சார்" என்பார். அவர் ஒரு பாஷையில் வாயை மூடிக்கொண்டதும் லாட்ஜே ஊமையாகிவிட்டது போலிருந்தது. ஹெட்மாஸ்டர் தினமும் ஒரு தடவை என்னிடம் வந்து, 'தாதா'வுக்கு, அதாவது அண்ணனுக்கு, தன்மேல் கோபமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

விஷயத்தைச் சொன்னேன். ஹெட்மாஸ்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிட்டகாங் பேச்சு தனி. அந்தப் பெண் பேசுவது கல்கத்தா நகரத்தில் பிறந்து வளர்ந்த தனக்கே புரியவில்லை என்றார். அதை நான் ஓடிப்போய்ச் சொன்னபோது கல்கத்தா மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி நின்றிருந்தார்.

"அவருக்கே புரியலியா?"

"சத்தியமா புரியலியாம்."

"அப்ப எனக்கு பெங்காலி தெரியும்ன்ற?"

"தெரியும்ணா."

தொட்டியைத் தேய்க்கும் சத்தம் கொஞ்சம் வேகமானது.

எட்டாம் நாள் அம்மாவும் மகளும் திரும்பி வந்தார்கள். சாயந்திரம் ரெஹானா ஒரு தட்டோடு கீழே இறங்கி வந்தாள். அந்தப் பொட்டலத்தில் மிஞ்சிய மாவில் சுட்ட ரொட்டி. கல்கத்தா எழுந்து ஓடப் பார்த்தார். அவள் வழியை மறித்து நின்று, ரொட்டியைக் காட்டி, "கொம்" என்றாள். பிறகு, பின்னாலேயே படியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்த அம்மாவைக் காட்டி, "மா கொம்!" என்றாள். அம்மாவும் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "கொம், கொம்" என்று சிரித்தார்.

கல்கத்தா ரொட்டியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"தம்பி! கொம்னா அவுங்க ஊர்ல 'நல்லாருக்கு'ன்னு அர்த்தம்டா! டைரி எங்க? போட்டுட்டியா?"

டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாயில் ரொட்டியோடு புதுப் பக்கத்தில் தலைப்புப் போட்டார்: 'சிட்டகாங்'. அவர்கள் ஊருக்குக் கிளம்பும் வரை அந்தப் பெண்ணை அவர் நிம்மதியாக விடவில்லை. அவள் சிரித்த சிரிப்பு வராந்தா முழுக்கக் கேட்டது.

நான் இப்போது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருக்கிறேன். வேலூருக்கு அடிக்கடி போகிறேன். போகும்போதெல்லாம் அந்த லாட்ஜில் ஒரு நாள் ரூம் போட்டு, ஃபேன் ஓடவில்லை என்று கீழே கல்கத்தாவுக்குப் போன் செய்வேன். எங்கள் சொந்த வீடு வேலூரிலேயே பாகாயத்தில், பஸ்ஸில் பத்து நிமிஷத்தில் இருக்கிறது.