மோடம் சாமியாரும் செவ்வரளிப் பூவும்

வாழப்பாடிக்குப் பக்கத்து மாந்தோப்பில் அந்த ஞாயிற்றுக்கிழமையும் திருவிழாக் கூட்டம். சாமியாரைப் பார்க்கத் தேங்காய் பழத்தோடு போன காலம் மலையேறிவிட்டது. இங்கே வந்தவர்கள் தோளில் லேப்டாப் பையும் நெஞ்சில் அணைத்த மோடமுமாக நின்றார்கள். கைக்குழந்தையைக்கூட அவ்வளவு பத்திரமாகப் பிடித்திருக்க மாட்டார்கள். சில மோடங்களுக்கு மாலை. ஒன்றுக்குச் சந்தனப் பொட்டு.

உள்ளே வீற்றிருந்தவர் மோடம் சாமியார். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களின் துயர் துடைக்க வந்த அவதாரம். அவதரிப்பதற்கு முன் தனபால் என்ற பெயரில் சேலத்தில் செல்போன் உறை விற்றுக்கொண்டிருந்தார். அதைச் சொன்னால் பாவம், விட்டுவிடுவோம்.

அவருடைய வழி பூ வாக்கு. பெண் எடுக்கலாமா, கிணறு வெட்டலாமா என்று சாமி முன்னால் பூப் போட்டுக் கேட்பது அந்தப் பக்கத்து வழக்கம்தான். சாமியார் அதை இணையத்துக்குத் திருப்பிவிட்டார். தட்டில் இரண்டு வாழையிலைப் பொட்டலங்கள். வந்தவர் ஒன்றை எடுத்துப் பிரிக்க வேண்டும். வெள்ளரளி வந்தால் வீட்டில் சிக்னல் சுத்தம். செவ்வரளி வந்தால் தோஷம், பரிகாரம், காணிக்கை. எடுக்காத பொட்டலம் அந்த நொடியே ஓமத்தீக்குப் போய்விடும்.

கௌசிக்குக்குச் செவ்வரளி வந்தது.

நாமக்கல்லுக்கு வெளியே, அப்பாவின் கோழிப்பண்ணையை ஒட்டிய வீட்டிலிருந்து பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்ப்பவன் அவன். மனைவி யுவஸ்ரீ நாமக்கல்லில் பிசியோதெரபிஸ்ட். கல்யாணமாகி முதல் வருஷம். மீட்டிங்குக்கு மீட்டிங் இணைப்பு அறுந்ததில், "இனி ஒரு தடவை அறுந்தால் பெங்களூருக்கே வந்துவிடுங்கள்" என்று மேலாளர் சொல்லிவிட்டார். மனைவியை விட்டுவிட்டு பெங்களூரில் ஓர் அறையில் தனியாகக் கிடப்பதை நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இத்தனைக்கும் அவன் மோடத்தைக் கவனிக்காதவன் அல்ல. வாங்கிய அன்றே எலுமிச்சம்பழம் கட்டி, யார் கண்ணும் படாதிருக்க இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டியவன். வயர் போக மட்டும் ஓர் ஓட்டை. படித்தவன் அல்லவா!

சாமியார் பரிகாரம் சொன்னார். வீட்டு எல்லையின் வடகிழக்கு மூலையில், தரையில் பலகை போட்டு உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். கழுத்தில் செப்பு வளையம், அது அசையக் கூடாது. வேலை முடியும்வரை வீட்டாரோடு பேசக் கூடாது, பேச்சு அலை சிக்னலை வெட்டுமாம்.

வடகிழக்கு மூலையில் கோழிக் கொட்டகை இருந்தது.

"கௌசிக், மீட்டிங்கில் உங்களோடு வேறு யாராவது இருக்கிறார்களா?" என்று மேலாளர் கேட்டார்.

மூவாயிரம் பேர் இருந்தார்கள். எல்லோரும் முட்டையிட்டுவிட்டு அதை அறிவித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வாரத்தில் கௌசிக்கின் கழுத்து திரும்ப மறுத்தது.

"ஏன் மாமா, கழுத்து கரண்டுக் கம்பமாட்டம் நிக்குது?" என்றாள் யுவஸ்ரீ.

"அசைக்கக் கூடாதுன்னு சாமி சொல்லீருக்காரு அம்மிணி."

"அசைக்க முடியலைன்னு சொல்லுங்க. இந்த வாரம் உங்களையாட்டவே செப்பு வளையத்தோட நாலு பேரு எங்கிட்ட வைத்தியத்துக்கு வந்தாங்க. நாலு பேருக்கும் செவ்வரளிதானாமா."

"தோஷம் இருக்கறவன்தான அங்க போவான்?"

"அப்ப வெள்ளை வந்தவன் ஒருத்தனையாச்சும் பாத்தீங்களா?"

அவன் யோசித்தான். யோசிக்கத் தலையைச் சொறிய வேண்டும், கை கழுத்தைத் தாண்டி ஏறவில்லை.

கொட்டகையிலும் சிக்னல் தள்ளாடியது. திங்கட்கிழமை முக்கியமான மீட்டிங். அது அறுந்தால் பெங்களூர். ஆகவே ஞாயிறு காலை மறுபடி மாந்தோப்பு. இந்த முறை யுவஸ்ரீயும் கூட வந்தாள்.

கௌசிக் எடுத்த பொட்டலத்தில் மறுபடி செவ்வரளி. சாமியார் கண்ணை மூடினார், திறந்தார், யுவஸ்ரீயைப் பார்த்தார்.

"தோஷம் ஊட்டம்மா ரூபத்துல இருக்குது தம்பி. அவிய அலையும் மோடத்தோட அலையும் மோதுது. அம்மிணிக்குப் பொறந்த ஊடு எங்க?"

"ஜலகண்டாபுரமுங்க" என்றான் கௌசிக், குரல் இறங்கி.

"ஒரு மண்டலம் அங்க இருக்கட்டும். சிக்னல் தானா வரும்."

மனைவியைப் பிரியக் கூடாது என்று வந்தவனுக்கு மனைவியைப் பிரிவதே பரிகாரம். கௌசிக் கும்பிட்ட கையோடு விழித்தான். கூட்டம் பக்தியோடு தலையாட்டியது. ஆட்ட முடிந்தவர்கள் மட்டும்.

"ஏனுங்க சாமி, போறவ நான். நானும் ஒருக்கா பூவெடுத்துப் பாத்துக்கறேன்" என்றாள் யுவஸ்ரீ.

தட்டில் புதிதாக இரண்டு பொட்டலங்கள் வந்தன. அவள் ஒன்றைப் பிரித்தாள். செவ்வரளி. சாமியாரின் கை மற்றதைத் தீயில் போட நீண்டது. அதற்குள் அது அவள் கையில் இருந்தது.

"அப்ப இதுல வெள்ளைதான இருக்கோணும்?"

"பிரிக்காத அம்மிணி! பிரிச்சா ஜில்லா முழுக்க டவர் எரிஞ்சு போகும்!"

கூட்டம் மோடங்களை இறுக்கிக்கொண்டு இரண்டடி பின்வாங்கியது. யுவஸ்ரீ பொட்டலத்தைக் கணவன் கையில் வைத்தாள்.

"நீங்களே பிரிங்க மாமா. டவர் எரிஞ்சா நான் ஜலகண்டாபுரம் பஸ் ஏறிக்கறேன். எரியலைன்னா ரெண்டு பேரும் ஊட்டுக்குப் போலாம்."

கௌசிக்குக்கு ஒரு பக்கம் ஜில்லாவின் டவர்கள் எல்லாம். மறு பக்கம் அவள். குனிய முடியாததால் பொட்டலத்தை மூக்குக்கு நேரே தூக்கிப் பிரித்தான்.

செவ்வரளி.

டவர் எதுவும் எரியவில்லை. பக்கத்தில் யாருடைய போனோ நல்ல சிக்னலில் பாட்டுப் பாடியது.

அப்புறம் நடந்ததற்கு யுவஸ்ரீ தேவைப்படவில்லை. சாமியாரின் முதுகுக்குப் பின்னாலிருந்த கூடையைக் கூட்டம் இழுத்துக் கொட்டிப் பிரித்தது. சிவப்பு. சிவப்பு. அடுத்ததும் சிவப்பு.

"ஏனுங்க, பேருக்கு ஒரு வெள்ளையாச்சும் வாங்கி வெக்கக் கூடாதா?" என்று கத்தினார், செப்பு வளையத்தோடு கழுத்து கோணியிருந்த ஒருவர்.

"வெள்ளரளி மார்க்கெட்டுல வரத்து இல்லீங்க" என்றார் தனபால். அவதாரம் எடுத்த பிறகு அவர் பேசிய முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும். சொல்லிக்கொண்டே தோப்பின் பின்வேலியைத் தாண்டினார். கழுத்தில் வளையம் இல்லாததால் அவரால் நன்றாக ஓட முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் யுவஸ்ரீ ஒன்றுதான் கேட்டாள்.

"மோடம் எங்க மாமா?"

கௌசிக் பீரோவைப் பார்த்தான். பீரோ அவனைப் பார்த்தது. சாவியை எடுத்து நீட்டினான்.

"இரும்புப் பொட்டிக்குள்ள பூட்டி வெச்சுட்டு, சிக்னல் வரலைன்னு என்னையத் தொரத்தப் பாத்தீங்களாக்கும்!"

மறுநாள் மோடம் கூடத்து அலமாரி மேல் இருந்தது, எலுமிச்சம்பழம் ஊறுகாய்ச் சட்டியில் இருந்தது. முதுகுச் சாய்வுள்ள நாற்காலி போட்டு, அரிசி டப்பாவின் மேல் லேப்டாப்பைக் கண் உயரத்துக்கு வைத்துக் கொடுத்தாள் யுவஸ்ரீ. நடுநடுவே எழுந்து நடக்க வேண்டும், மதியச் சோற்றுக்கு வாய் திறந்து பேச வேண்டும் என்பவை அவளுடைய பரிகாரங்கள். காணிக்கை, பாத்திரம் துலக்குவது.

மீட்டிங் கடைசிவரை அறுபடவில்லை.

"இன்றைக்கு மற்றவர்கள் எங்கே?" என்று மேலாளர் கேட்டார்.

"அவங்க அவங்க வேலை இடத்துலயே இருக்காங்க சார், நான்தான் வெளிய வந்துட்டேன்" என்றான் கௌசிக். கதவோரம் நின்ற யுவஸ்ரீ சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

மாந்தோப்பு இப்போது காலி. ஆனால் ஆத்தூர்ப் பக்கம் ஒருவர் கிளம்பியிருக்கிறாராம், சார்ஜ் இறங்காமல் நிற்க லேப்டாப்புக்குத் திருநீறு பூசுகிறாராம். நல்ல கூட்டமாம். போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். மோடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மூளையைக் கண் பட்டுவிடுமென்று பீரோவில் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். அங்கேயும் பிரித்துப் பார்க்க ஓர் இரண்டாவது பொட்டலம் இருக்கும்.