இருபத்து மூன்றாம் இருக்கையின் விதிமீறல்

மௌனத்தைக் கடைப்பிடித்த மகான்கள் உலகில் பலர் உண்டு. ஒரு விமான நிலையத்தையே கடைப்பிடிக்க வைத்தவர் நம் ஒலிக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர்தான். 'அமைதி நிலையம்' என்ற விருது மூன்றாம் ஆண்டாகவும் அவருக்கே வரவிருந்தது. அன்று மாலை வரை ஒரு விதிமீறலும் பதிவாகாமல் இருந்தால் போதும். அதற்காகக் காலையிலிருந்து சொந்தத் தும்மலைக்கூட அடக்கிக்கொண்டிருந்தார்.

நண்பகலில், அவர் ஜன்னலுக்கு நேர் கீழே, கிளம்பத் தாமதமான விமானம் ஒன்றில் நூற்று அறுபத்திரண்டு பேர் வெந்துகொண்டிருந்தார்கள். இறக்கிவிடப் பேருந்து வரவேண்டும். பேருந்து சத்தம் போடும். உள்ளே குளிர்காற்று வர, விமானத்தின் வாலிலுள்ள சின்ன எஞ்சினை ஓட்ட வேண்டும். அதுவும் சத்தம் போடும், ஆகவே அவர் அனுமதி வேண்டும். குழாய் வழியே குளிர்காற்று ஊதுகிற வண்டி ஒன்று நிலையத்தில் இருந்தது. அது பழுதாகி எட்டு மாதம். அன்றுமுதல் துளிச் சத்தமும் போடாததால் அதிகாரிக்கு அதன்மேல் தனி மரியாதை.

விமான மெக்கானிக் மூன்றாவது தடவையாக மாடியேறி வந்தாள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"சார், உள்ள நாப்பது டிகிரி. இருபத்து மூணாவது சீட்ல ஒரு கைக்குழந்தை துவண்டு கிடக்குது. அரை மணி நேரமா அழவே இல்ல."

அதிகாரி நெகிழ்ந்துபோனார்.

"பாத்தியாம்மா, அந்தச் சின்ன உசிருக்கு இருக்கிற பொறுப்பு பெரியவங்களுக்கு இல்லையே."

பிறகு ஜன்னலுக்கு வெளியே இருந்த ஒலிமானியைக் காட்டினார். வரம்பு அறுபத்தைந்து, முள் எழுபத்தொன்றில் நின்றது. இன்னும் பத்து நிமிடத்தில் அன்றைய பதிவு தொடங்குமுன் அது இறங்கியாக வேண்டும், எஞ்சின் ஓடாதபோதே இந்த லட்சணம் என்றால் ஓடினால் என்னாவது என்று கவலைப்பட்டார். விசிறிக்கொள்ள 'மௌனமே மேன்மை' துண்டுப்பிரசுரம் இரண்டு கட்டு அனுப்பியதையும் நினைவூட்டினார், சத்தமில்லாமல் விசிறும்படி.

மெக்கானிக் எட்டிப் பார்த்தாள். ஒலிமானிக்கு ஒரு சாண் தள்ளி, அதிகாரியின் ஏ.சி.யுடைய வெளிப்பெட்டி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. மேஜைமேல் இருந்த ரிமோட்டை எடுத்து ஏ.சி.யை அணைத்துவிட்டு, அதைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். முள் ஐம்பத்தெட்டுக்கு இறங்கியது.

"இப்ப வரம்புக்குள்ள வந்துடுச்சு சார். கையெழுத்துப் போடுங்க."

முதல் நிமிடம் அதிகாரி விதிகளின் புனிதத்தை விளக்கினார். இரண்டாம் நிமிடம் சட்டைப் பொத்தானைத் தளர்த்தினார். நான்காம் நிமிடம், "இதுல மனுஷன் இருக்க முடியுமா?" என்று அலுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். தன் அறையைப் பற்றித்தான் சொன்னார்.

எஞ்சின் ஓடியது. முள் அறுபத்துநான்கில் அடக்கமாக நின்றது. கால் மணி நேரத்தில் விமானம் குளிர்ந்தது. தாய் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவருகே வந்து நின்றாள். குழந்தை கண் விழித்து, சேர்த்துவைத்த அழுகையையெல்லாம் ஒரே மூச்சில் அழுதது. கீழே நின்ற மெக்கானிக்குக்கு அதைக் கேட்டுத்தான் உயிரே வந்தது, அவளும் அழுதாள். முள் அறுபத்தேழைத் தொட்டது.

விருது கைநழுவியது. அதிகாரி அறிக்கை எழுதினார். "விதிமீறல் ஒன்று. இருக்கை எண் இருபத்து மூன்று." அதற்குக் கீழே அவர் சேர்த்த வரியில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதை நாம் ஒப்புக்கொண்டே ஆகவேண்டும்:

"இன்னும் அரை மணி நேரம் விதியைக் கடைப்பிடித்திருந்தால், இந்தக் குழந்தை அழுதே இருக்காது."