மூன்றாவது மாடிப் பையன்

யாரும் போடாத சட்டையைத் தையல்காரர் அன்று இருபதாவது நாளாகத் துவைத்துக்கொண்டிருந்தார். அழுக்கு இருந்தால், அது போனதும் நிறுத்திவிடலாம். அழுக்கே இல்லாத சட்டையை எப்போது நிறுத்துவது என்று அவருக்குப் பிடிபடவில்லை. கை வலித்ததும் நிறுத்தினார்.

பதினோரு வயதுப் பையன் போடும் சட்டை அது. பையன் இங்கே இல்லை. இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்கு அப்பால், சொந்த வீட்டில், அம்மாவோடு இருந்தான்.

விஷயம் இதுதான். தெருக்கோடியில் இருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளியில் பையனுக்கு ஆறாம் வகுப்பில் இடம் வேண்டும். பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மூன்று மாதமாவது குடியிருந்தால்தான் விண்ணப்பத்தையே எடுத்துப் பார்ப்பார்கள். உண்மையில் குடியிருக்கிறார்களா என்று ஓர் அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்பார். தையல்காரரின் வீட்டுப் பக்கம் இருக்கும் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்துவிடும். அவரும் எட்டாவதோடு முடித்துக்கொண்டு தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தவர்தான். இன்னும் எழுந்திருக்கவில்லை. பையனாவது அதில் உட்காரக் கூடாது என்பது அவருடைய ஒரே பிடிவாதம்.

மனைவிக்கு ஆஸ்பத்திரியில் வேலை, விட்டுவிட்டு வர முடியாது. பையனுக்கு முழுப்பரீட்சை. எனவே அவர் மட்டும் வந்து மூன்றாவது மாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, அதே தெருவில் ஒரு தையல்கடையில் சேர்ந்துவிட்டார். கடையில் பொத்தானுக்குக் காஜா எடுப்பவர்தான் முதல் நாளே பயத்தைக் கிளப்பினார்.

"ஆபீசர் வந்தா உங்களையா பார்ப்பாரு? பிள்ளையைத்தான் கேப்பாரு. பிள்ளை இல்லைன்னா ஃபாரம் அன்னிக்கே குப்பைத்தொட்டிதான்."

அன்று மாலையே தையல்காரர் ஒரு சின்ன ஜோடிச் செருப்பைக் கதவுக்கு வெளியே வைத்தார். இரண்டாவது தலையணை வாங்கினார். ஒரு சட்டை தைத்துத் துவைத்துக் காயப்போட்டார். கொடியில் பிள்ளைச் சட்டை ஆடினால் வீட்டில் பிள்ளை இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

மொட்டை மாடிக்கு வந்த வீட்டுக்கார அம்மா அந்தச் சட்டையின் காலரைத் தூக்கிப் பார்த்தார்.

"தம்பி, இது நம்ம தெருக்கோடிப் பள்ளிக்கூடத்துச் சட்டை ஆச்சே?"

"ஆமாம்மா."

"இன்னும் இடமே கிடைக்கல. அதுக்குள்ள சட்டையா?"

தையல்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளைச் சட்டை என்று நினைத்ததும் கை தானாக அந்தப் பள்ளியின் நீலக் கட்டத்தை வெட்டிவிட்டது. ஆசைக்கு இஞ்ச் டேப் கிடையாது.

"அளவு பார்க்கத் தைச்சேன்மா. போட்டவன் கழட்டவே மாட்டேங்கறான்."

"நான் ஒரு நாளும் அவனைப் பார்க்கலையே."

"டியூஷன் போயிடறான்."

"காலைல ஆறரைக்கா?"

"கணக்குல கொஞ்சம் மந்தம்மா."

நன்றாகப் படிக்கும் பையனை மந்தம் என்று சொன்னது அன்று முழுக்க அவருக்கு உறுத்தியது. மாலை போன் செய்தபோது, "கண்ணு, நீ கணக்குல கெட்டிக்காரன்டா" என்றார்.

"ம்" என்றான் பையன்.

"சாப்டியா?"

"ம்."

"அப்பாவைத் தேடுதா?"

"அம்மா கூப்பிடறாங்க, வெக்கறேன்."

அறையில் மறுபடி சத்தம் இல்லாமல் போனது. சத்தமில்லாத அறை தையல்காரருக்குப் பழக்கமில்லை. வீட்டில் குக்கர் கத்தும், மனைவி கத்துவாள், இவரும் பதிலுக்குக் கத்துவார். இங்கே தண்ணீர்க் குழாய் மட்டும் அவ்வப்போது ஏதோ சொல்லும். அழுகை வருகிற மாதிரி இருந்தது. ஆம்பிளை அழலாமா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டு, கொஞ்சம் அழுதார்.

வீட்டுக்கார அம்மாவின் சந்தேகத்தைத் தீர்க்க மறுநாளிலிருந்து இல்லாத பையனைத் திட்ட ஆரம்பித்தார். "டேய், செருப்பை ஒழுங்கா விடுடா. புத்தகத்தை எடுடா. அங்க என்னடா வேடிக்கை?" மூன்று மாடிக்கும் கேட்டது. சொந்தப் பையனை ஒரு நாளும் இப்படித் திட்டியதில்லை. இவன் பதில் பேசாததால் திட்டுவது எளிதாக இருந்தது.

நாலாவது நாள் வீட்டுக்கார அம்மா படியில் மறித்துக்கொண்டார்.

"ஏன் தம்பி, பெத்த பிள்ளையை இப்படியா கரிச்சுக் கொட்டறது? அது வாயே திறக்க மாட்டேங்குது, பாவம். அழக்கூட பயந்து கிடக்கு போல."

"இல்லம்மா, அவனுக்குத் தொண்டை வலி. அதான் பேசல."

"தொண்டை வலியிலயா திட்டறீங்க?"

அரை மணி நேரத்தில் ஒரு டம்ளர் நிறைய மருந்தோடு மாடியேறி வந்துவிட்டார். "வாயைத் திறக்கச் சொல்லுங்க, நானே ஊத்தறேன்" என்று கதவைத் தள்ளினார். தையல்காரர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"வராதீங்கம்மா. ஒட்டிக்கற வகையாம்."

அந்த அம்மா இரண்டு படி பின்னுக்குப் போனார். மருந்தைத் தையல்காரரே குடித்தார். வேப்பெண்ணெயை விடக் கசந்தது. அன்று முதல் அந்த அம்மா மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டுதான் மூன்றாவது மாடியைத் தாண்டினார். போகிற போக்கில் ஒரு குத்தலும் வைத்தார்.

"பக்கத்து ரூம் எலக்ட்ரீஷியன் பொண்ணைப் பாருங்க. அதுவும் இதே பள்ளிக்கூடத்துக்குத்தான் எழுதிப் போட்டிருக்கு. இருக்கற இடமே தெரியாது. வளர்த்தா அப்படி வளர்க்கணும்."

அந்தப் பெண்ணைப் பற்றித் தையல்காரருக்கும் நல்ல அபிப்பிராயம்தான். தினமும் இரவு ஏழு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் எலக்ட்ரீஷியன் பாடம் ஆரம்பிப்பார். "ஏழாம் வாய்ப்பாடு சொல்லு பார்க்கலாம். ம். ம். அப்படித்தான். ஏழெட்டு? யோசிச்சுச் சொல்லும்மா." பெண்ணின் குரல் வெளியே வராது. அவ்வளவு அடக்கம். தையல்காரர் தட்டைச் சுவரோரமாக வைத்துக்கொண்டு சாப்பிடுவார். "ஐம்பத்தாறு" என்று வாய்க்குள் அவளுக்காகச் சொல்வார். நாளின் அந்த இருபது நிமிடம் மட்டும் அவர் ஒரு வீட்டில் இருந்தார். அது அடுத்தவர் வீடு, அவ்வளவுதான்.

தொண்ணூறாவது நாள், மாலை ஆறு மணிக்கு, ஜன்னலில் நின்றவர் கீழே ஒருவரைப் பார்த்தார். கையில் கோப்பு, கழுத்தில் அட்டை. வாசலிலேயே வீட்டுக்கார அம்மா அவரைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது மாடியைக் காட்டி எதையோ விளக்கினார். அதிகாரி பையிலிருந்து ஒரு முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டார்.

தையல்காரர் போனை எடுத்தார், உடனே கீழே வைத்தார். இரண்டு மணி நேரத் தொலைவிலிருந்து இரண்டு நிமிடத்தில் பிள்ளை வராது. பக்கத்து அறைக்கு ஓடினார். கதவு நாலு விரல் அளவுக்குத் திறந்தது.

"அண்ணே, ஒரு உதவி. உங்க பொண்ணைப் பத்தே நிமிஷம் என் ரூமுக்கு அனுப்புங்க. போர்வையைப் போர்த்திக்கிட்டுப் படுத்திருந்தா போதும். பையனா பொண்ணான்னு யாருக்குத் தெரியப்போகுது?"

எலக்ட்ரீஷியனின் முகம் வெளிறிப்போனது.

"அது, அவளுக்குக் காய்ச்சல். எழுந்திரிக்கவே முடியல. உங்க பையன்கிட்டருந்துதான் ஒட்டிக்கிச்சு."

கதவு சாத்திக்கொண்டது. தையல்காரருக்குக் குற்ற உணர்ச்சி பிடுங்கித் தின்றது. இல்லாத பையன் எப்படி நோயைப் பரப்புவான் என்று யோசிக்க நேரமில்லை. ஐயோ, பரீட்சை நேரத்தில் அந்தக் குழந்தையைப் படுக்க வைத்துவிட்டோமே என்றுதான் தோன்றியது.

அதிகாரி முதலில் பக்கத்து அறைக்குள் போனார். கிடைத்த கால் மணி நேரத்தில் தையல்காரர் துணிச்சுருளை மடித்து உடம்பு செய்தார், தலையணையைத் தலையாக்கினார், நீலக் கட்டச் சட்டையை மாட்டினார், போர்வையை இழுத்துவிட்டார். தோள் சரியாக வரவில்லை என்று இரண்டு ஊசி குத்திப் பிடித்தார். எந்த அவசரத்திலும் தொழில் தொழில்தான்.

அதிகாரி உள்ளே வந்து வாசலோரமாகவே நின்றார்.

"பையன் எங்க?"

"தூங்கறான் சார். தொண்டை."

"பேர் சொல்லி எழுப்புங்க. ஒட்டிக்கற நோயாம்னு கீழ சொன்னாங்க, எப்படி இருக்கான்னு பார்க்கணும்."

"எழுந்திரிக்க மாட்டான் சார்."

"மூச்சு விடற மாதிரியே தெரியலையேங்க" என்று பதறி அதிகாரி போர்வையை விலக்கினார். சட்டையைப் பார்த்தார். தலையணையைப் பார்த்தார். தோளில் இருந்த ஊசியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து முகக்கவசத்தைக் கழற்றினார்.

தையல்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"பையன் ஊர்ல இருக்கான் சார். நான் மட்டும்தான் இங்க. மூணு மாசமா ஒத்தை ஆளாக் கிடக்கறேன். என் தப்புக்கு அவனைத் தண்டிக்காதீங்க. அவன் படிக்கணும் சார்."

அதிகாரி கோப்பைத் திறந்து படிவத்தைத் திருப்பிக் காட்டினார்.

"பின்பக்கம் படிச்சீங்களா?"

"இல்ல சார்."

"யாருமே படிக்கறதில்ல. அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர் மூணு மாசம் குடியிருந்தா போதும். பிள்ளை ஜூன்ல வந்தா சரி. நீங்கதான் உண்மையிலேயே இங்க இருக்கீங்களே?"

"இருக்கேன் சார். ஒரு நாள்கூட நகரல."

"அப்புறம் என்ன. உங்க பையனுக்கு இடம் உண்டு" என்று அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

தையல்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. தொண்ணூறு நாள் துவைத்திருக்கிறார். அந்த மருந்தைக் குடித்திருக்கிறார். ஆனாலும் மனசு நிறைந்திருந்தது. நிறைந்த மனசுக்கு முதலில் ஞாபகம் வந்தது சுவருக்கு அந்தப் பக்கம்தான்.

"சார், பக்கத்து ரூம் பொண்ணுக்கும் இடம் கிடைச்சிடும்ல? ரொம்பக் கெட்டிக்காரப் பொண்ணு. அது பாடம் படிக்கறதைக் கேட்டுக்கிட்டுத்தான் சார் நான் இத்தனை நாளும் சாப்பிட்டேன்."

அதிகாரி கோப்பை மூடிவிட்டு எழுந்தார்.

"அதுக்கும் இடம் உண்டு, ஆனா பொண்ணு அங்க இல்லீங்க, ஊர்ல இருக்கு, அவரும் ஒத்தை ஆளுதான், பக்கத்து ரூம்ல ஒரு பையன் இருக்கான்கற தைரியத்துலதான் மூணு மாசத்தை ஓட்டினேன்னு இப்பதான் அழுது முடிச்சாரு."