தும்பிக்கை இழந்த பட்டத்து யானை

கூட்டேரிப்பட்டு சர்வீஸ் ரோட்டு வேகத்தடையில் பேருந்து ஒரு துள்ளுத் துள்ளியது. பார்த்திபனின் மடியில் இருந்த பெட்டிக்குள் மெல்லிசாக ஒரு சத்தம் கேட்டது. பதறிப்போய்த் திறந்து பார்த்தான். பல்லவப் பேரரசின் பட்டத்து யானைக்குத் தும்பிக்கை இல்லை.

கட்டைவிரல் உயரம்கூட இல்லாத உலோக யானை அது. அதன்மேல் பயறு அளவு ராஜா. சுற்றிலும் வில்லாளிகள், குதிரைகள், வேல்காரர்கள். இரண்டு வருஷமாகப் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு அவனே வண்ணம் தீட்டிய படை.

திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பழங்காலப் போர் விளையாட்டுப் போட்டி. காடும் மலையும் ஒட்டிய பெரிய பெரிய பலகைகளின் மேல் ஆளுக்குப் பன்னிரண்டு அணிகளை நிறுத்திப் பகடை உருட்டி மோத வேண்டும். சின்ன எண் விழுந்தவரின் அணி காலி. நான்கு அணிகளை முதலில் இழந்தவர் தோற்றவர். பார்த்திபனுக்கு இதுதான் முதல் போட்டி. இதுவரை வீட்டில் இரண்டு பக்கமும் அவனே ஆடித்தான் பழக்கம்.

"அதுலயும் நீங்கதான் தோக்குறீங்க" என்பாள் அவன் மனைவி வேணி.

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. விழுப்புரத்தில் அவர்களுடையது ஒற்றைப் படுக்கையறை வாடகை வீடு. இருப்பது ஒரே மேஜை. அதன்மேல் இரண்டு வருஷமாகப் பல்லவர் ஆட்சி நடப்பதால் சாப்பாடு தரையில். வேணி ஆசையாக வாங்கிய தையல் மிஷின், வைக்க இடமில்லாமல் காணையில் அவள் அம்மா வீட்டில் கிடந்தது. வெள்ளிக்கிழமை அவள் தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

"ஜெயிச்சுட்டு வந்தா டேபிள் உங்களுது, நான் வாயே தொறக்க மாட்டேன். தோத்துட்டு வந்தீங்க, திங்கக்கிழமை காலையில மிஷின் வரும். உங்க ராஜா பரண் மேல போய் ஆட்சி பண்ணிக்கினு இருக்கட்டும்."

ஆக, அந்த யானை சும்மா யானை இல்லை.

திண்டிவனத்தில் இறங்கியதும் முதல் வேலையாக, உடனே ஒட்டுகிற பசை வாங்கினான். தும்பிக்கை ஒட்டியது, ஆனால் யானையோடு அல்ல, அவன் கட்டைவிரலோடு. இழுத்ததில் ராஜாவும் பெயர்ந்து ஆள்காட்டிவிரலில் உட்கார்ந்துகொண்டார். மண்டபத்துக்கு எதிரே இருந்த அழகு நிலையத்தில் கெஞ்சி, நகப்பூச்சு அழிக்கிற திரவம் வாங்கி ஊற்றினான். விரல் விடுபட்டது. கூடவே யானையின் வண்ணமும், ராஜாவின் மீசையும், மூக்கும் கரைந்து போயின. விடுபட்ட தும்பிக்கை சாக்கடையில் விழுந்தது.

கடைசியில் வாசலில் விற்ற அவித்த மல்லாட்டையில், அதாவது வேர்க்கடலையில், வளைவாக ஒன்றைப் பொறுக்கி எடுத்து யானையின் முகத்தில் ஒட்டினான். இப்போது யானையைவிடத் தும்பிக்கை பெரிதாக இருந்தது.

இதைப் பார்த்தால் போட்டியிலேயே சேர்க்க மாட்டார்கள் என்ற பயத்தோடுதான் உள்ளே போனான். நெடுஞ்செழியன் பெயர் பதிகிற மேஜையருகே நின்றிருந்தார். அவர்தான் போட்டியின் செயலாளர், போன வருஷச் சாம்பியன். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"சார், இது யானைதான். வழியில ஒரு சின்ன விபத்து."

நெடுஞ்செழியன் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "நீ யானைன்னு சொன்னா யானைதான் தம்பி. புது ஆளா? ஜெயிக்கணும்னு ஆசை இருக்குதா?"

"உயிரே அதுலதான் சார் இருக்குது."

அவர் அவன் கையைப் பிடித்து நெடுநேரம் குலுக்கினார். இப்படி ஒரு இளைஞனைத்தான் இந்தச் சங்கம் இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தது என்றார். டீ வரவழைத்தார்.

முதல் ஆட்டம், மயிலம் ரோட்டில் எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கும் அப்பாதுரையோடு. அவருடையது ரோமானியப் படை. ஒரு சிப்பாய்க்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் மூன்றாவது நகர்த்தலிலேயே அப்பாதுரை தன் தளபதியைத் தனியாகச் சதுப்பு நிலத்துக்குள் இறக்கினார்.

"அண்ணே, அது சேறு. மாட்டிக்குவீங்க."

"தெரியும்பா. நீ அடி."

யோசித்துக்கொண்டே அவர் பல்லவ யானையின் தும்பிக்கையை உரித்துத் தின்றுவிட்டார். மன்னிப்புக் கேட்டு, வெளியே போய் ஒரு பொட்டலமே வாங்கி வந்தார். அரை மணி நேரத்தில் ரோமாபுரி விழுந்தது. தோற்றவர் விசிலடித்துக்கொண்டே கை கழுவப் போனார்.

இரண்டாவது ஆட்டத்தில் சௌந்தரம் டீச்சர். அவர் தன் வில்லாளிகளை எதிரிக்கு முதுகு காட்டி நிறுத்தினார். மனசு கேட்காமல் பார்த்திபன் சுட்டிக்காட்டினான்.

"இருக்கட்டும்ப்பா. பாவம், அதுங்களும் மலையைக் கொஞ்சம் வேடிக்கை பாக்கட்டுமே" என்றார் டீச்சர்.

ஞாயிறு காலை மூன்றாவது வெற்றியும் வந்தது. எதிராளிக்குத் திடீரென்று முதுகு வலி; பாதியிலேயே சரணடைந்தார். பார்த்திபனுக்குத் தலைகால் புரியவில்லை. நமக்குள் இப்படி ஒரு படைத்தலைவன் இத்தனை நாளாக விழுப்புரத்தில் தரையில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தானே என்று தன்மேலேயே இரக்கப்பட்டான்.

இறுதி ஆட்டம் மொய்தீன் பிச்சையோடு. கோட்டக்குப்பத்துக்காரர், இருபது வருஷம் ஷார்ஜாவில் இருந்தவர், பாரசீகப் படை. அவரும் மூன்று ஆட்டம் ஜெயித்திருந்தார். ஆனால் முகத்தில் அந்தக் களை இல்லை.

"எப்டி ஜெயிச்சேன்னே தெரியல தம்பி. பகடை உருட்டினா ஆறாவே விழுது. ஒரே பேஜாரா இருக்குது."

மண்டபமே சுற்றி நின்றது. பாய் உருட்டினார், ஆறு. பல்லவக் குதிரைப்படை போயிற்று. பாயின் முகம் சுருங்கியது. மறுபடியும் ஆறு. வேல்காரர்கள் போனார்கள். இன்னொரு ஆறுக்கு வில்லாளிகளில் ஓர் அணியும் போயிற்று. பாய் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எதிரிக்காக இப்படி வருத்தப்படுகிற மனுஷனா என்று பார்த்திபன் நெகிழ்ந்தான். ஆனால் விடவில்லை. காட்டு வழியாக வில்லாளிகளைக் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் தாக்கினான். ஒன்று, இரண்டு, மூன்று என்று பாரசீக அணிகள் விழுந்தன. இரண்டு பக்கமும் மூன்று மூன்று அணிகள் காலி. இன்னும் ஒன்று விழுந்தால் முடிந்தது.

களத்தின் நடுவில் நின்றது மூக்கில்லாத ராஜாவும் மல்லாட்டைத் தும்பிக்கையும். எதிரே பாரசீகத் தளபதி. பார்த்திபன் மயிலம் முருகனை நினைத்துப் பகடையை உருட்டினான். மூன்று. தையல் மிஷின் கடகடவென்று காணையிலிருந்து கிளம்பி வருகிற சத்தம் காதில் கேட்டது.

பாய் பகடையை உள்ளங்கையில் பொத்தி, கண்ணை மூடி, உதடு அசைய எதையோ வேண்டினார். உருட்டினார்.

ஒன்று.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மெதுவாக. தோற்றபோதும் இறைவனுக்கு நன்றி சொல்லும் அந்தப் பெரிய மனசைப் பார்த்துப் பார்த்திபனுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. நெடுஞ்செழியன் அவனைக் கட்டிப்பிடித்தார். "ஒரு வருஷமா நான் காலை நீட்டித் தூங்கல தம்பி. இன்னிக்குத் தூங்குவேன்" என்றார். பட்டத்தின் பாரம் அப்படி என்று பார்த்திபன் நினைத்துக்கொண்டான்.

கோப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி வேணிக்குப் போன் போட்டான். மறுமுனையில் வேணியின் குரல் இறங்கிப்போயிற்று.

"நெஜமாவா? சரிங்க, சொன்னா சொன்னதுதான். டேபிள் உங்களுது. மிஷினு அங்கியே கெடக்கட்டும்."

அந்தக் குரலைக் கேட்டதும் அவனுக்குள் பல்லவப் பேரரசே இளகிப்போயிற்று. "வேணாம் வேணி. நாளைக்கே மிஷினை வரச் சொல்லு. ஜன்னல் ஓரம் பூரா உனக்குத்தான், டேபிள்ல பாதியும் உனக்கு."

"நெஜமாவா சொல்றீங்க?" அவள் சிரிப்பது கேட்டது. "ஆனா கப்பு பெருசா இருந்தா வைக்க எடம் கெடயாது, சொல்லிட்டேன்."

"உள்ளங்கை அளவுதான். இனிமே நம்ம வீட்ல எல்லாத்துக்கும் எடம் இருக்கு வேணி."

போனை வைத்துவிட்டுத் திரும்பினான். மண்டபத்தில் ஒருவரையும் காணோம். செருப்புகூட மிச்சமில்லை. வாசலில் ஒரு மினி லாரி மட்டும் உறுமிக்கொண்டு நின்றது. அதன் டிரைவர் சவுரிராயன் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு அவனிடம் வந்தார்.

"ஜெயிச்சவரு நீங்கதானே சார்? சங்கத்துப் பலகை பன்னெண்டு, மலை எட்டு, கோட்டை மூணு, எல்லாம் ஏத்தியாச்சு. அடுத்த வருஷம் வரைக்கும் ஜெயிச்சவரு வீட்லதான் இருக்கணுமாம், போன தபா நெடுஞ்செழியன் சார் வீட்ல கட்டிலைத் தூக்கி வெளிய போட்டுட்டுத்தான் உள்ள வெச்சோம், உங்க வீட்ல எதைத் தூக்கணும்னு இப்பவே சொல்லிட்டீங்கன்னா ஜல்தியா முடிச்சுடலாம்."