பிடிப் பாதுகாப்புக் குழுவின் ஏழாவது கூட்டம்

மனித குலத்தின் முன் இன்று நிற்கும் கேள்விகளிலேயே ஆகப் பெரியது, தூண்டில் கோலின் பிடி தேயாமல் காப்பது எப்படி என்பதுதான். மூன்று டம்ளர் தேநீரை இடது கையால் ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தபடி இப்படித்தான் நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாராட்டு என்று எண்ணி நடவடிக்கைக் குறிப்பில் சேர்த்திருப்பார்கள்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்போது பிடிப் பாதுகாப்புக் குழுவின் ஏழாவது கூட்டம் நடந்துகொண்டிருந்தது. தலைவர், ஓய்வுபெற்ற பத்திரப் பதிவாளர். நிபுணர், பல் டாக்டர். செயலாளர், என் கணவர். மூவருக்கும் பொதுவாக ஒரு படகு, ஆளுக்கு இரண்டு கோல்.

பிரச்சினையின் கனத்தை விளக்கிவிடுகிறேன். படகின் ஓரத்தில் கோலைச் செருகி நிறுத்த எஃகுக் குழாய்கள் இருக்கின்றன. படகு அலையில் குலுங்கும்போது கோலின் தக்கைப் பிடி குழாயில் உரசுகிறது. உரசினால் தேய்கிறது. இந்த உண்மையைக் கண்டறிய மூன்று கூட்டங்கள் தேவைப்பட்டன. நான்காவதில், தீர்வு கிடைக்கும்வரை படகைக் கரையிலேயே கட்டிவைப்பது என்று தீர்மானித்தார்கள். அன்றிலிருந்து பிடி தேயவில்லை. மீனும் கிடைக்கவில்லை, ஆனால் மீன், குழுவின் 'வரம்புக்குள்' வராது.

சோதனைக்காக மட்டும் இரண்டு முறை படகு வெளியே போனது. முதல் முறை, பிடிகளுக்குக் கம்பளிக் காலுறை. அவை நனைந்து உப்பிக் குழாயை விட்டு வரவே மறுத்தன. இரண்டாம் முறை, மெழுகு. படகு திரும்பிய வேகத்தில் பல் டாக்டரின் கோல் ஒன்று வழுக்கிக்கொண்டு கடலுக்குள் போய்விட்டது. 'கடைசியாகப் பார்த்தபோது பிடியில் ஒரு கீறல்கூட இல்லை' என்று அறிக்கை எழுதி, சோதனையை வெற்றி என்று அறிவித்தார்கள்.

நான் தேநீரோடு போனபோது, பல் டாக்டர் மீதமிருந்த தன் கோலை மடியில் கிடத்தி, வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியால் பிடியைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மில்லிமீட்டர் போயிருக்கு. இப்பவே கவனிச்சாக் காப்பாத்திடலாம்."

"அடடா" என்றார் தலைவர். அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. "வாயில்லாத பொருள். வலிச்சாச் சொல்லவா போகுது? நாமதானே பாத்துக்கணும்."

எனக்கு வாய் இருக்கிறது. சீருடை தைக்கும் பட்டறையில் பதினாறு வருஷமாகத் துணி வெட்டுகிறேன். பெரிய கத்தரி, எட்டு மடிப்புத் துணி. வலது மணிக்கட்டு வலிக்கிறது என்று பதினொரு மாதமாக என் கணவரிடம் சொன்னேன். "தைலம் தேய்" என்று அவரும் பதினொரு மாதமாகச் சொன்னார். தேய்ப்பதற்கு நாங்கள் ஒருபோதும் கூட்டம் போட்டதில்லை. போன வாரம் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய், மெத்தென்ற இந்தக் கட்டுப் பட்டையைப் போட்டுக்கொண்டு வந்தேன். ஆறு வாரம் கழற்றக் கூடாது, கழற்றினால் அறுவை சிகிச்சைதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆறு வாரத்தில் கத்தரி பிடிக்காவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகப் பட்டறையிலும் சொல்லிவிட்டார்கள்.

தட்டை வைத்துவிட்டுச் சும்மா வந்திருக்கலாம். என் நாக்கு அடங்கவில்லை.

"பிடிக்கு உறை எதுக்கு? பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிக் குழாய்க்குள்ள ஒட்டிட்டாப் போதாதா?"

மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நல்ல ஆர்வம், தங்கச்சி" என்றார் தலைவர். "ஆனா குழாய்ங்கறது படகோட பகுதி. நாம பிடிக்கான குழு. அதுல கைவைக்க நமக்கு அதிகாரம் இல்ல."

"பொதுமக்கள் கருத்து பெறப்பட்டது" என்று சொல்லிக்கொண்டே எழுதினார் பொதுமக்களின் கணவர்.

டம்ளரை எடுக்க நிமிர்ந்த பல் டாக்டரின் பார்வை அப்போதுதான் என் மணிக்கட்டில் நின்றது. அவர் கண்கள் பளபளத்தன.

"சார், அதைப் பாருங்க! மெத்துனு இருக்கு, இழுத்தா வருது, தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது. சுத்தளவுகூட அச்சு அசல் பிடிதான்!"

தலைவர் எழுந்தே நின்றுவிட்டார். "இத்தனை நாளா வீட்டுக்குள்ளயே வச்சிக்கிட்டு ஊரெல்லாம் தேடியிருக்கோமே!"

என் கணவர் என்னைப் பெருமையோடு பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு பார்வையை நான் கண்டதில்லை. ஒரு நொடி மனம் இளகியதைச் சொல்லத்தான் வேண்டும். அவர் பார்த்தது என்னை அல்ல, பட்டையை என்று புரிய இன்னொரு நொடி ஆனது.

"அதைக் கொஞ்சம் கழட்டிக் கொடும்மா" என்றார் என் கணவர். "ஞாயித்துக்கிழமை ஒரு சோதனை, அவ்வளவுதான். சரியா வந்துட்டா, நீயே அதை அளவு வச்சு இன்னும் நாலு வெட்டிக் குடுத்துடலாம். உனக்குத்தான் கத்தரி கைவந்த கலையாச்சே."

"இல்லங்க" என்றேன்.

"ஒரே ஒரு நாள்தானே?"

"தர மாட்டேங்க. கை தேஞ்சு போயிருக்கு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். முகத்தில் நடிப்பில்லை, உண்மையான வியப்பு.

"அப்படியா? எப்பலேருந்து?"

நான் பட்டையை ஒரு பிடி இறுக்கிக் கட்டிக்கொண்டேன். டம்ளர்களை எடுக்கக் காத்திருக்காமல் உள்ளே வந்தேன்.